காட்டை விலைக்கு வாங்காமல் காப்பாற்ற முடியுமா? வனப் பாதுகாப்பு ஈஸ்மென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தனியார் கையில் இருக்கும் காடுகளைக் காப்பாற்ற ஊர்மக்கள் பணம் திரட்டிச் செய்யும் ஒரு ஏற்பாட்டைப் பற்றிய கேள்வி-பதில் இது. உதாரணங்களைப் பெரும்பாலும் வடகிழக்கு மூலையில் இருக்கும் மேய்ன் மாநிலத்திலிருந்து எடுத்திருக்கிறேன். அந்த மாநிலத்தின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு காடு, அந்தக் காட்டிலும் பத்தில் ஒன்பது பங்கு தனியாருடையது. அதனால் இந்த ஏற்பாட்டின் நல்லது கெட்டது இரண்டையும் அங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

ஈஸ்மென்ட் என்றால் என்ன?

நிலப் பத்திரம் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. கிணற்றுக்குப் போக அடுத்தவர் நிலத்தின் வழியாக நடந்து போகும் பாத்தியதை என்று பத்திரத்தில் எழுதியிருப்பார்கள். நிலம் அவருடையது, நடக்கும் உரிமை உங்களுடையது. அவர் நிலத்தை யாருக்கு விற்றாலும் அந்தப் பாத்தியதையும் கூடவே போகும்.

வனப் பாதுகாப்பு ஈஸ்மென்ட் அதே குடும்பம்தான். ஆனால் இது நடக்கும் உரிமை அல்ல, தடுக்கும் உரிமை. 'இந்தக் காட்டை மனை போட்டு விற்க மாட்டேன், வீடு கட்ட மாட்டேன், சுரங்கம் தோண்ட மாட்டேன்' என்று சொந்தக்காரர் எழுதிக் கொடுக்கிறார். மீறினால் தடுக்கும் உரிமை ஒரு நில அறக்கட்டளையிடமோ அரசு அமைப்பிடமோ இருக்கும். பத்திரம் பதிவாகிவிடும். அடுத்து வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அதில் வந்து நிற்கும்.

நிலத்தையே வாங்கிவிட்டால் போயிற்றே, எதற்கு இந்தச் சுற்று வழி?

முதல் காரணம் பணம். முழு நிலத்தின் விலையைவிட 'கட்டடம் கட்டும் உரிமை'யின் விலை குறைவு, பல இடங்களில் மிகவும் குறைவு. 2001இல் மேய்னில் பிங்ரீ என்ற குடும்பத்தின் காட்டுக்கு இப்படி ஒரு ஈஸ்மென்ட் போட்டார்கள். பரப்பு 7,62,192 ஏக்கர், கொடுத்த விலை 2.8 கோடி டாலர். ஏக்கருக்குச் சுமார் 37 டாலர்தான். நியூ இங்கிலாந்து ஃபாரஸ்ட்ரி ஃபவுண்டேஷன் என்ற, 1944இல் தொடங்கிய அமைப்பு அந்தப் பணத்தைத் தனியார் நன்கொடைகளில் திரட்டியது. அதே பணத்துக்கு நிலமாக வாங்கியிருந்தால் அதில் சிறு துண்டுதான் கிடைத்திருக்கும்.

இரண்டாவது காரணம், எல்லோரும் விற்க விரும்புவதில்லை. தாத்தா காலத்திலிருந்து வைத்திருக்கும் காட்டைப் பிள்ளைகள் கூறு போட்டுவிடுவார்களோ என்ற பயம் இருக்கும், கையைவிட்டுப் போகவும் மனசு வராது. அவர்களுக்கு இது சரியாகப் பொருந்துகிறது.

ஒரு சின்ன ஊர் உண்மையிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறதா?

செய்திருக்கிறது. மேய்னின் கிழக்கு ஓரத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்தில், கிராண்ட் லேக் ஸ்ட்ரீம் என்று ஒரு ஊர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் நூறு பேருக்கு முன்னே பின்னே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பெரிய தோல் பதனிடும் ஆலை இருந்தது. ஹெம்லாக் மரப்பட்டைதான் அதற்கு மூலப்பொருள். ஆலை மூடிய பிறகு ஊர் மீன்பிடி ஊராக மாறியது. ஏரியில் சால்மன் பிடிக்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள், உள்ளூர் ஆட்கள் அவர்களை அழைத்துப் போய் மீன் இருக்கும் இடம் காட்டுவார்கள். பின்பக்கம் தட்டையாக வெட்டி, சின்ன மோட்டார் மாட்டுகிற மரப் படகு ஒன்று அந்த ஊருக்கே உரியது, பெயர் 'கிராண்ட் லேக்கர்'. விடுதி, படகு, வழிகாட்டி என்று பிழைப்பு முழுவதும் ஏரிக்கரையில் வீடுகள் முளைக்காமல் காடு காடாகவே இருப்பதை நம்பித்தான்.

சுற்றியுள்ள காடு காகிதக் கம்பெனியிடம் இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. கம்பெனிக்கு வேண்டியது மரக்கூழ். கரையோர மனையில் அதற்கு ஆர்வமில்லை. 1999இல் ஜார்ஜியா-பசிஃபிக் கம்பெனி அங்கே இருந்த லட்சக்கணக்கான ஏக்கரை முதலீட்டாளர்களுக்கு விற்றதும் கதை மாறியது. முதலீட்டாளர் லாபம் பார்க்க வந்தவர். கரையோரத்தை மனை மனையாகப் பிரித்தால் மரத்தைவிட அதிகம் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாதா?

அப்போதுதான் அந்த வழிகாட்டிகளும் விடுதிக்காரர்களும் சேர்ந்து 2001இல் டவுன்ஈஸ்ட் லேக்ஸ் லேண்ட் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அனுபவமுள்ள நியூ இங்கிலாந்து ஃபாரஸ்ட்ரி ஃபவுண்டேஷனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். 2005இல் இரண்டு காரியம் முடிந்தது. ஊருக்குப் பக்கத்திலேயே இருந்த 27,080 ஏக்கரை விலைக்கே வாங்கி 'ஃபார்ம் கோவ் சமூகக் காடு' ஆக்கினார்கள். அதைச் சுற்றி 3,12,000 ஏக்கர் அளவுக்கு 'சன்ரைஸ்' என்ற பெயரில் ஈஸ்மென்ட் போட்டார்கள். ஈஸ்மென்ட் பகுதி மட்டும் சென்னை மாநகராட்சிப் பரப்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மொத்தச் செலவு 3 கோடி டாலருக்கு மேல். 2016இல் வெஸ்ட் கிராண்ட் ஏரிக்கரையில் இன்னும் 21,870 ஏக்கர் சேர்ந்தது.

வீட்டு வாசலில் இருக்கும் காட்டை முழுதாக வாங்கினார்கள், தூரத்துக் காட்டுக்கு ஈஸ்மென்ட் போதும் என்று விட்டார்கள். இந்தக் கணக்குதான் எனக்குப் பிடித்தது. எல்லாவற்றுக்கும் ஒரே கருவியைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை.

ஈஸ்மென்ட் போட்ட காட்டில் மரம் வெட்டலாமா?

வெட்டலாம். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கும். மேய்னில் 'வேலை செய்யும் காடுகள்' என்றே இவற்றைச் சொல்கிறார்கள். மரவேலையும் அந்த ஊர்களுக்கு ஒரு பிழைப்பு. அதை முழுக்க நிறுத்தச் சொன்னால் எந்த உள்ளூர்க்காரரும் பணம் போட மாட்டார். வளர்கிற அளவுக்கு மேல் வெட்டக்கூடாது, நீரோடை ஓரத்தில் இத்தனை அடி விட வேண்டும், வனவியலாளர் எழுதிய திட்டப்படி நடக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதுவார்கள்.

எல்லாப் பத்திரமும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் மரம் வெட்டும் நிபந்தனைகள் கறாராக இருக்கும், சிலவற்றில் 'நல்ல வனவியல் முறைப்படி' என்று ஒரு வரியோடு நின்றுவிடும். அந்த ஒரு வரியை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

விலையை எப்படி முடிவு செய்கிறார்கள்?

தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் இரண்டு தடவை மதிப்புப் போடுவார். கட்டுப்பாடு ஏதும் இல்லாவிட்டால் நிலம் என்ன விலை போகும்? கட்டுப்பாடு வந்த பிறகு என்ன போகும்? வித்தியாசம்தான் ஈஸ்மென்ட்டின் மதிப்பு. உதாரணமாக, 10 லட்சம் டாலர் பெறும் காடு ஈஸ்மென்ட்டுக்குப் பிறகு 6 லட்சம்தான் பெறும் என்றால், ஈஸ்மென்ட் 4 லட்சம். ஊருக்குப் பக்கத்தில், சாலை ஓரத்தில், ஏரிக்கரையில் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும். யாரும் எட்டிப் பார்க்காத உள்காட்டில் சின்னதாக இருக்கும். பிங்ரீ காட்டில் ஏக்கருக்கு 37 டாலர் வந்ததும் அதனால்தான்.

அவ்வளவு பணத்தை ஊர் எங்கிருந்து புரட்டுகிறது?

உண்டியல் குலுக்கி மட்டும் ஆகாது. உள்ளூர் நன்கொடை முதலில் வர வேண்டும், ஏனென்றால் பெரிய கைகள் எல்லாம் 'உங்கள் ஊர்க்காரர்கள் எவ்வளவு போட்டார்கள்?' என்றுதான் கேட்கும். அப்புறம் கோடைக்கு மட்டும் வந்து தங்கும் வெளியூர்க்காரர்கள், அறக்கட்டளைகள், கம்பெனிகள். கிராண்ட் லேக் ஸ்ட்ரீம் திட்டத்துக்கு வால்மார்ட்டின் 'ஏக்கர்ஸ் ஃபார் அமெரிக்கா' நிதி கூட வந்தது.

அரசுப் பணமும் உண்டு. அமெரிக்க வனத்துறையின் 'ஃபாரஸ்ட் லெகசி' திட்டம் 1990இலிருந்து நடக்கிறது. செலவில் முக்கால் பங்குவரை தரும், மீதியை மற்றவர்கள் திரட்ட வேண்டும். வெஸ்ட் கிராண்ட் ஏரிக் காட்டுக்கு இந்தப் பணம் வந்தது. மாசசூசெட்ஸில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஊர்மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டால் சொத்து வரியின் மேல் 3 சதவீதம்வரை கூடுதலாக வசூலித்து நிலப் பாதுகாப்பு போன்ற வேலைகளுக்கு வைத்துக்கொள்ள இடம் தருகிறது. நியூ ஹாம்ப்ஷயரில் எரால் என்ற சிற்றூர் இன்னும் துணிச்சலாகப் போனது. 2005இல் கடன் வாங்கி 5,000 ஏக்கருக்கு மேல் காட்டை ஊர்ப் பெயரிலேயே வாங்கியது. அளவாக மரம் விற்று வரும் வருமானத்தில் கடனைக் கட்டுவது என்று திட்டம்.

காடு காற்றிலிருந்து பிடித்து வைக்கும் கார்பனுக்கு, புகை வெளியிடும் கம்பெனிகளிடம் விலை வாங்குவதும் இப்போது ஒரு வழி. ஃபார்ம் கோவ் காட்டின் கார்பனைக் கலிபோர்னியச் சந்தையில் விற்றிருக்கிறார்கள்.

'நிரந்தரம்' என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

பிள்ளை, பேரன், வாங்குகிறவர் என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும். மேய்னில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ரத்து செய்ய முடியாது. அந்த வழக்கில் மாநில அட்டர்னி ஜெனரலும், அதாவது அரசின் தலைமை வழக்கறிஞரும், ஒரு தரப்பாக இருப்பார். சாலைக்கோ வேறு பொதுக் காரியத்துக்கோ அரசு நிலத்தைக் கையகப்படுத்தினால் ஈஸ்மென்ட் போய்விடும். அப்போது இழப்பீட்டில் ஒரு பங்கு அறக்கட்டளைக்கு வர வேண்டும், அதை வேறு பாதுகாப்பு வேலைக்கே செலவழிக்க வேண்டும்.

சரி, யார் காவல் காப்பது?

பத்திரம் எழுதும் நாளில் படம் எடுத்து விழா நடத்துவார்கள். முப்பது வருஷம் கழித்து நிலம் மூன்றாவது ஆளிடம் இருக்கும். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட யாரும் அப்போது இருக்க மாட்டார்கள். ஈஸ்மென்ட் மீறல்கள் பெரும்பாலும் முதல் சொந்தக்காரரால் வருவதில்லை, அவர் மனசு வைத்துக் கொடுத்தவர். அடுத்து வாங்கினவர்தான் எல்லையைத் தாண்டி ஒரு கொட்டகை போடுவார், ஓடை ஓரத்தில் ரோடு வெட்டுவார். கேட்டால் 'எனக்கு யாரும் சொல்லவில்லையே' என்பார்.

அதனால் தொடக்கத்திலேயே நிலத்தின் அன்றைய நிலையை வரைபடம், புகைப்படத்தோடு அறிக்கையாக எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். பிறகு யாராவது போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேய்னில் 2007இல் திருத்திய சட்டப்படி மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்ப்பது கட்டாயம், எல்லா ஈஸ்மென்ட்டும் மாநிலப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பல அறக்கட்டளைகள் வருஷத்துக்கு ஒரு முறை போகின்றன. பிங்ரீ மாதிரி லட்சக்கணக்கான ஏக்கரை நடந்து பார்க்க முடியாது. செயற்கைக்கோள் படம், விமானத்திலிருந்து ஒரு பார்வை, சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் நடந்து போய்ப் பார்ப்பது என்று முறை வைத்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் வருஷா வருஷம் பணம் வேண்டும். பொறுப்பான அறக்கட்டளைகள் ஈஸ்மென்ட் வாங்கத் திரட்டும்போதே கண்காணிப்புக்கும் தனியாக ஒரு வைப்பு நிதி திரட்டுகின்றன. முதலைத் தொடாமல் அதன் வருமானத்தில் காவல் செலவு நடக்கும். வழக்கு வந்தால்? பெரிய வக்கீல்களை வைத்திருக்கும் சொந்தக்காரரோடு நாலு பேர் நடத்தும் அறக்கட்டளை எத்தனை நாள் மல்லுக்கட்டும்? அதற்காகவே லேண்ட் டிரஸ்ட் அலையன்ஸ் என்ற நாடு தழுவிய கூட்டமைப்பு 2013இல் 'டெராஃபர்மா' என்ற கூட்டுக் காப்பீட்டைத் தொடங்கியது.

நன்கொடை கேட்கும்போது 'ஒரு ஏக்கரைக் காப்பாற்ற இவ்வளவு' என்றால் ஜனங்கள் கொடுக்கிறார்கள். 'முப்பது வருஷம் கழித்துப் போய்ப் பார்க்க இவ்வளவு' என்றால் கை பைக்குள் போவதில்லை. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது பணம் சேராத திட்டத்தைத் தொடங்கவே கூடாது. காவல் இல்லாத ஈஸ்மென்ட் பதிவு அலுவலகத்தில் தூங்கும் காகிதம்.

இதில் வரி ஏய்ப்பு நடக்கிறது என்கிறார்களே?

நடந்தது, பெரிய அளவில். ஈஸ்மென்ட்டை விற்காமல் தானமாகக் கொடுத்தால் அதன் மதிப்புக்கு வருமான வரிக்கழிவு உண்டு. 2015இல் நிரந்தரமான விதிப்படி வருமானத்தில் பாதிவரை கழிக்கலாம், மிச்சத்தை 15 வருஷம் தள்ளிக்கொண்டு போகலாம். நேர்மையான நில உரிமையாளருக்கு இது நியாயமான சலுகை.

ஆனால் சில தரகர்கள் சும்மா கிடந்த நிலத்தை மலிவாக வாங்கி, முதலீட்டாளர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்து, ஆளை வைத்து அதன் மதிப்பைப் பல மடங்கு ஏற்றி, ஈஸ்மென்ட் கொடுத்ததாகக் கணக்குக் காட்டினார்கள். போட்ட ஒரு டாலருக்குப் பல டாலர் வரிக்கழிவு. வரித்துறை 2016 இறுதியிலேயே இவற்றைக் கண்காணிக்க வேண்டிய பரிவர்த்தனைப் பட்டியலில் சேர்த்தது. 2022 டிசம்பரில் வந்த சட்டம், இப்படிப்பட்ட கூட்டில் போட்ட முதலைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு கேட்டால் செல்லாது என்று பொதுவாகக் கதவை அடைத்தது. ஊர்க்காரர்கள் பணம் போட்டு விலைக்கு வாங்கும் ஈஸ்மென்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கெட்ட பெயர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் வந்தது.

பொதுமக்கள் உள்ளே போகலாமா?

பத்திரத்தில் எழுதியிருந்தால் போகலாம். எழுதாவிட்டால் அது தனியார் நிலம்தான். ஊர்ப் பணத்தில் வாங்குவதாக இருந்தால், நடக்கவும் மீன் பிடிக்கவும் உள்ள உரிமையைக் கேட்டு வாங்கி எழுத வைப்பது முக்கியம். பின்னால் கேட்டால் கிடைக்காது.

ரியல் எஸ்டேட் கம்பெனிகள் இதை மூக்கணாங்கயிறாகப் பார்க்குமா, முகமூடியாகவா?

இரண்டாகவும். மேய்னின் மூஸ்ஹெட் ஏரிப் பக்கம் பிளம் கிரீக் என்ற கம்பெனி 975 வீட்டுமனைகளுக்கும் இரண்டு பெரிய விடுதி வளாகங்களுக்கும் அனுமதி கேட்டது. பதிலுக்குச் சுமார் 3,60,000 ஏக்கருக்கு ஈஸ்மென்ட் தருவதாக ஒப்பந்தம். 'காட்டைக் காட்டி ஏரிக்கரையை விழுங்குகிறார்கள்' என்று ஒரு தரப்பு கொதித்தது. வருஷக்கணக்கில் விசாரணை, வழக்கு. 2009இல் அனுமதி கிடைத்து, 2012இல் ஈஸ்மென்ட் பதிவானது.

வேடிக்கை அதற்கப்புறம்தான். வீட்டுமனைத் திட்டம் நடக்கவே இல்லை. 2016இல் பிளம் கிரீக்கை வேயர்ஹவுசர் கம்பெனி வாங்கியது. சில வருஷத்தில் அந்த வளர்ச்சித் திட்டத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. மனை போடும் அனுமதி போயிற்று, ஈஸ்மென்ட் மட்டும் நின்றது, ஏனென்றால் அது நிரந்தரம். எதிர்த்தவர்கள் சொன்னது தப்பு என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். சந்தை வேறு மாதிரி போயிருந்தால் இன்று ஏரிக்கரையில் வீடுகள் நிற்கும்.

இந்தியாவில் இதைச் செய்ய முடியுமா?

இன்றைய சட்டத்தில் இதே வடிவத்தில் முடியாது. நம் ஈஸ்மென்ட் சட்டம் 1882இல் வந்தது. முதலில் அமலானதே சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய இடங்களில்தான். அதன் 4ஆம் பிரிவின்படி, ஒரு நிலத்தை அனுபவிப்பதற்காக இன்னொரு நிலத்தின் மேல் இருக்கும் உரிமைதான் ஈஸ்மென்ட். பக்கத்தில் நிலம் இல்லாத ஒரு அறக்கட்டளை, வெறுமே காட்டைக் காப்பாற்ற என்று அந்த உரிமையை வைத்திருக்க முடியாது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்திலிருந்து வந்த இதே தடை அமெரிக்காவிலும் இருந்தது. அதை உடைக்கத்தான் 1981இல் மாதிரிச் சட்டம் ஒன்றை எழுதினார்கள், மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தனிச் சட்டம் போட்டன. இங்கே யாரும் போடவில்லை.

இன்னொருவர் தன் நிலத்தை இன்னபடி பயன்படுத்தக் கூடாது என்று தடுக்க, சொத்து மாற்றச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் ஓரளவு இடம் உண்டு. அதற்கும் பக்கத்தில் உங்களுக்குச் சொந்த நிலம் இருக்க வேண்டும். வேறு வழிகளில் நடப்பவை சில:

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக மழைக்காடு மிஞ்சியிருக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் தோட்டக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அந்தத் திட்டுகளைக் காத்து, சீரழிந்த இடங்களில் நாட்டு மரங்களை நட்டு மீட்டு வருகிறது. அருமையான வேலை. ஆனால் இத்தகைய ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவரைத்தான் கட்டும், எஸ்டேட் கைமாறினால் புதியவரோடு மறுபடியும் பேச வேண்டும். வயநாட்டில் திருநெல்லி யானை வழித்தடத்தில் வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா நிலத்தையே வாங்கி, குடும்பங்களை வேறிடத்தில் குடியமர்த்தி, வனத்துறையிடம் ஒப்படைத்தது.

சட்டத்தில் நெருங்கி வருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2002 திருத்தத்தில் வந்த 'சமூகக் காப்பகம்'. ஊரோ தனியாரோ தாமாக முன்வந்து கொடுக்கும் நிலத்தை மாநில அரசு அறிவிக்கலாம். அதன்பின் நிர்வாகக் குழுத் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. மேகாலயாவிலும் நாகாலாந்திலும் நிறைய இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1949ஆம் ஆண்டுத் தனியார் வனப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட தனியார் காட்டை விற்கவும் மரம் வெட்டவும் முன் அனுமதி வேண்டும். அது அரசின் தடை, ஊர் பணம் போட்டு வாங்கிய உரிமை அல்ல.

நான் அமெரிக்காவில் இருக்கிறேன். எங்கள் ஊர் அறக்கட்டளை காட்டுக்காக நன்கொடை கேட்கிறது. கொடுக்கும்முன் என்ன கேட்கலாம்?

ஈஸ்மென்ட் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள், மரம் வெட்டும் பகுதியையும் பொதுமக்கள் நுழைவுப் பகுதியையும் படியுங்கள். கண்காணிப்பு நிதி தனியாக இருக்கிறதா, எவ்வளவு, கடைசியாக யார் எப்போது நிலத்தைப் போய்ப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். அறக்கட்டளை மூடிப்போனால் உரிமை யாருக்குப் போகும் என்று பத்திரத்திலேயே பெயர் எழுதியிருக்க வேண்டும். அந்தக் காடு எந்தப் பழங்குடியினரின் பூர்வீக நிலம் என்பதையும் விசாரியுங்கள். கிராண்ட் லேக் ஸ்ட்ரீம் பக்கத்திலேயே பாஸமக்வாடி பழங்குடியினர் வாழ்கிறார்கள், அந்த ஏரிகள் அவர்களுடைய பூர்வீக நிலப்பரப்பு. அப்படிப்பட்டவர்களோடு உங்கள் ஊர் அறக்கட்டளை உட்கார்ந்து பேசியிருக்கிறதா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். லேண்ட் டிரஸ்ட் அலையன்ஸ் ஏற்படுத்திய ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை இணையத்தில் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.